தலைச்சுமையை இறக்கினோம், காடு தழைத்தது

(கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"புலியைக் காப்போம்" என்று தலைப்பை வாசித்ததும் பின்வரிசையில் சிலர் சிரித்தது எங்கள் காதிலும் விழுந்தது. சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசுகிற இடத்தில் புலிக்கு என்ன வேலை என்று தோன்றும். மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் நாம் அப்படிச் சிரிக்க முடியாது. நம்மில் பல பேருக்கு முதல் கடன் கிடைத்ததே புலியால்தான்!

முண்டந்துறை 1962-லேயே புலிகள் சரணாலயம். களக்காடு 1976-ல் சரணாலயம் ஆனது. 1988-ல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். இன்று அதன் மையப்பகுதி மட்டுமே 895 சதுர கிலோமீட்டர்.

அறிவிப்பு வந்தது, ஆனால் நம்ம அடுப்பு மாறவில்லை. விடியுமுன்னே நாலைந்து பேராகச் சேர்ந்து கஞ்சித் தூக்கோடு மலையேறுவோம். காய்ந்த சுள்ளி கிடைத்தால் சரி. கிடைக்காத நாளில் பச்சை மரத்திலும் அரிவாள் விழும், அதை மறைக்க வேண்டாம். அட்டைக் கடி, கரடி பயம். பிடிபட்டால் அபராதம் வேறு. கழுத்து நோக இறக்கிக் கொண்டுவந்து டீக்கடையிலோ ஓட்டலிலோ போட்டால்தான் அன்றைக்கு அரிசி. வேண்டுமென்றா காட்டை வெட்டினோம்? வேறு வழி இல்லை.

ஆனாலும் காடு தேய்ந்தது நிஜம். இளங்கன்றுகள் வெட்டுப்பட்டன. மாடுகள் புல்லை மேய்ந்து முடித்தன, கோமாரி போன்ற நோயைக் காட்டு விலங்குகளுக்கும் கொண்டுபோகும். அணையாத பீடி ஒன்று போதும், கோடையில் மலையே எரியும். புல் போனால் மிளா போகும். மிளாவும் காட்டுமாடும் பன்றியும் இல்லாத இடத்தில் புலி எதைத் தின்னும்? ஒரு புலிக்கு வாரத்துக்கு ஒரு மிளா கணக்கில் வருஷத்துக்குச் சுமார் ஐம்பது பெரிய உயிர்கள் இரை வேண்டும். அத்தனையும் வாழ எவ்வளவு காடு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

1995-ல் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஊர்தோறும் கிராம வனக்குழு அமைத்தார்கள். காட்டுக்குப் போகாதே என்று மட்டும் சொல்லாமல், போகாமல் பிழைக்கக் கடன் கொடுத்தார்கள். பெண்கள் குழுவாகச் சேர்ந்து கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்று தொழில் தொடங்கினோம். திருப்பிக் கட்டிய பணம் அடுத்தவருக்குப் போனது. சில வருஷங்களிலேயே விறகுச் சுமை வெகுவாகக் குறைந்துபோனது.

நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். ராஜஸ்தானில் சரிஸ்கா காப்பகத்தில் 2004–05-க்குள் ஒரு புலிகூட மிச்சமில்லை. வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டார்கள். 2008-ல் வேறு காட்டிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. 2006 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கவே 1,411 புலிகள். 2022-ல் அது 3,682. தமிழ்நாட்டில் 76 இருந்தது 306 ஆகியிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அந்த அறிக்கைகளில் விறகுக்காரியின் பங்கு என்று ஒரு வரி இல்லையே என்று எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நம்ம காட்டில் புலி கொஞ்சம்தான், பார்த்தவர்கள் அதைவிடக் கொஞ்சம். ஊருக்குள் "புலி வந்துட்டு" என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் அது சிறுத்தை. ஆனால் புலிக்காக விட்டுவைத்த காட்டில்தான் தாமிரபரணியும் மணிமுத்தாறும் பிறக்கின்றன. அந்தத் தண்ணீரில்தான் கார், பிசானம் ரெண்டும் விளைகிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனாரைக் கும்பிடப் போகிறவர்கள் பாலிதீன் பையை அங்கேயே போட்டு வருவதையாவது விடணும்.

இப்போது சங்கடமான விஷயத்துக்கு வருகிறோம். சிலிண்டர் விலை ஏற ஏற, கேஸ் அடுப்பை மூலையில் வைத்துவிட்டுச் சிலர் மறுபடி அரிவாளை எடுப்பது எங்களுக்குத் தெரியும். அவர்களைத் திட்டி என்ன பயன்? அன்றைக்கும் திட்டு நம்மை நிறுத்தவில்லை, கடன்தான் நிறுத்தியது.

இன்னொன்று மாட்டுக் கடன். 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சி பக்கம் விஷம் வைத்த மாட்டு இறைச்சியைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. மாட்டுக்காரர் கைதானார். மாட்டை இழந்தவர் வயிற்றெரிச்சல் நமக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மாடும் போய், புலியும் போய், ஜெயிலும் மிச்சமா? கால்நடை இழப்புக்கு அரசு நஷ்டஈடு உண்டு. அடிபட்ட மாட்டைத் தொடாமல், இழுக்காமல், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். இனி குழுக் கடனில் வாங்கும் மாட்டுக்குக் காப்பீடு கட்டாயம். ராத்திரி தொழுவத்தில்தான் கட்டணும், காட்டோரம் விடக்கூடாது.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். இன்னும் விறகுக்குப் போகிற உறுப்பினர்கள் யார் யார் என்று கேட்டு எழுதி வாருங்கள். பெயர் கொடுக்கத் தயங்க வேண்டாம். அந்தப் பட்டியல் வேறு யார் கைக்கும் போகாது. இந்த வருஷக் கடனில் முதல் இடம் அவர்களுக்குத்தான்.