வேகமும் வேலையும்

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம்மில் பாதிப் பேர் ஃபைலோடு காலம் தள்ளியவர்கள். ஆபீஸில் ஒருவரைச் சுறுசுறுப்பு என்றும் இன்னொருவரை மந்தம் என்றும் நாம் எப்படி முடிவு கட்டுகிறோம் என்பதைப் பற்றி, என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

1992-இல் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பென்ஷன் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. இரண்டு உதவியாளர்கள். ஒருவர் வாரத்துக்குப் பத்து கேஸ் முடிப்பார். மற்றவர் ஐந்தைத் தாண்டமாட்டார். அப்போது கடைசிப் பத்து மாதச் சம்பளத்தின் சராசரியில் பாதிதான் பென்ஷன். அது முழுசாகக் கிடைக்க 33 வருஷ சர்வீஸ் வேண்டும். வேகக்காரர் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடுவார். மற்றவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்.

வருடாந்திர ரகசிய அறிக்கையில் வேகக்காரருக்கு 'மிக நன்று' என்று எழுதினேன். மற்றவருக்கு இரண்டு வருஷமும் 'சராசரி'. அன்றைய விதிப்படி பாதகமான குறிப்பைத்தான் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். 'சராசரி' பாதகம் ஆகாது. ஆகவே அவருக்குத் தெரியாது. பதவி உயர்வுக் குழு கூடியபோது அவருக்கு ஜூனியர் மேலே போனார்.

பிறகு ஒரு நாள், கணக்கு அலுவலகத்திலிருந்து ஆட்சேபணையோடு திரும்பி வந்த கேஸ்களின் பதிவேட்டைப் புரட்டினேன். பெரும்பாலும் வேகக்காரருடையவை. சர்வீஸில் இடைவெளி, சரிபார்க்காத வருஷங்கள், இப்படி. அவற்றைச் சரிசெய்து திருப்பி அனுப்பியது யார்? அந்த 'மந்தமான' மனிதர். "அவருக்கு நேரம் இல்லை, நீங்கள் பாருங்கள்" என்று அவர் மேஜைக்குத் தள்ளியவன் நானேதான். அந்த வேலை என் எண்ணிக்கையில் சேரவே இல்லை.

ஃபிரெடரிக் டெய்லர் 1911-இல் வெளியிட்ட நூலில், நாளைக்கு 12½ டன் இரும்பு ஏற்றியவர்களை 47 டன் ஏற்ற வைத்ததாக எழுதினார். வண்டியில் ஏற்றிய இரும்பு திரும்பி வராது. ஃபைல் திரும்பி வரும். அதுவரை ஒரு விதவை அலுவலகப் படி ஏறிக்கொண்டிருப்பாள். நான் ரசாயனம் படித்தவன். பியூரெட்டை வேகமாகத் திறந்தால் நிறம் மாறும் புள்ளியைத் தாண்டிவிடும், மறுபடி முதலிலிருந்துதான். லேபில் கற்ற இந்தப் பாடம் ஆபீஸில் எனக்கு நினைவு வரவில்லை.

அவர் அதே பதவியில் ஓய்வு பெற்றார். எத்தனையோ பேருக்குச் சரியான பென்ஷன் வாங்கிக் கொடுத்தவருக்கு, என் பேனாவால் பென்ஷன் குறைந்தது. வழியனுப்பு விழாவில் மாலை போட்டேன். விஷயத்தைச் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றுதான் பத்துப் பேர் நடுவே சொல்கிறேன்.

2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த மதிப்பீடானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2009-இல் மத்திய அரசும் முழு அறிக்கையையும் காட்டும்படி உத்தரவிட்டது. அந்த விதி அன்றே இருந்திருந்தால், அவர் என் மேஜை முன் நின்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். நானும் பதிவேட்டை முன்பே புரட்டியிருப்பேன்.

நம் பிள்ளைகள் பலர் இன்று பிறருக்கு மதிப்பெண் போடும் நாற்காலியில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: எத்தனை முடித்தார் என்று கேட்பதோடு, எத்தனை திரும்பி வந்தது, அதை யார் சரிசெய்தார் என்றும் கேட்கட்டும்.