ரப்பருக்குள் இருக்கும் குளிர்ச்சி



பரிசளிப்பு விழாவில் ரப்பரைப் பற்றியா பேச்சு என்று சிரிக்காதீர்கள். நம்மில் பலர் பால்மரம் சீவிய கைகளில் வளர்ந்தவர்கள். தகரக் கூரை லயத்தின் மத்தியான வெக்கையும் நமக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனதும் அகலமான ரப்பர் பட்டை ஒன்றை வெடுக்கென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள். சுடும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் ஆறவிட்டு, தளர்த்தி மறுபடி வையுங்கள். ஜில்லுன்னு இருக்கும்! இழுக்கும்போது உள்ளிழைகள் வரிசைக்கு வந்து சூட்டை வெளியே தள்ளுகின்றன. விட்டால் மறுபடி சிக்கலாகிச் சூட்டை உறிஞ்சுகின்றன.

இதை 1805இல் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் ஜான் காஃப். சிறு வயதிலேயே பெரியம்மையில் பார்வை போனவர். உதட்டால் கண்டுபிடித்தார், பாருங்கள்!

ஏர்கோனில் குளிர வைப்பது வாயு. பல ஏர்கோன்களில் உள்ள ஆர்-410ஏ கசிந்தால், அதே எடைக் கரியமில வாயுவைவிடச் சுமார் 2,000 மடங்கு பூமியைச் சூடாக்கும். நம் அறை குளிர, ஊர் வேகணுமா?

அதனால்தான் கசிய வாயுவே இல்லாத திடப்பொருள் குளிரூட்டிகளை ஆராய்கிறார்கள். நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகத்தை ரப்பர்போலவே இழுத்து விடுகிறார்கள், அல்லது அமுக்கி விடுகிறார்கள். சிக்கல் ஒன்று உண்டு: லட்சக்கணக்கான தடவை இழுத்தாலும் அது முறியக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் இயந்திரங்கள் ஓடுகின்றன. கடைக்கு இன்னும் வரவில்லை.

தம்பி தங்கைகளே, பட்டையைக் கழுவிவிட்டு உதட்டில் வையுங்கள். கண் பக்கம் இழுக்காதீங்க.