குண்டு விழுந்த இடம் வரை



வல்லத்தில் பேசப் போகிறேன் என்றதும் தஞ்சாவூர் வல்லமா, செங்கல்பட்டு வல்லமா என்று கேட்டார்கள் நண்பர்கள். செஞ்சி வல்லம் என்றேன். ஐரோப்பிய வரலாற்றுச் சொற்களைப் பற்றி அங்கே போயா பேசுவது என்று அடுத்த கேள்வி. அங்கேதான் பேச வேண்டும் என்பது என் கட்சி. அந்தச் சொற்களில் சில செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரியின் அடிவாரம் வரை வந்து போனவை.

பள்ளியில் 'நிலமானிய முறை' என்று படித்தபோது என் மனத்தில் வந்து நின்றது எங்கள் ஊர்ப் பூசாரி மானியம். கோயிலில் விளக்கேற்றுகிறவருக்கு ஒரு துண்டு நிலம், வரி கிடையாது. ஐரோப்பாவில் நடந்தது வேறு. பிரபுவின் முன் மண்டியிட்டு, தன் இரு கைகளையும் அவன் கைகளுக்குள் வைத்துச் சத்தியம் செய்தவனுக்கு நிலம். கூப்பிட்டபோது அவன் போருக்கு வர வேண்டும். மானியம் என்ற நம் சொல்லில் வாள் இல்லை.

வாள் உள்ள சொல்லும் நம்மிடம் இருந்தது: அமரம். விஜயநகரத்தார் விட்ட சீமைக்கு ஈடாக நாயக்கர்கள் இத்தனை படை வைக்க வேண்டும், இத்தனை பணம் கட்ட வேண்டும் என்று போர்த்துக்கீசியரான நூனிஸ் எழுதி வைத்திருக்கிறார். செஞ்சி நாயக்கர்கள் அந்த ஏற்பாட்டில் வளர்ந்தவர்கள். ஆனால் அமரமும் முழுக்கப் பொருந்தாது. நாயக்கர்களை ஒரு சீமையிலிருந்து இன்னொரு சீமைக்கு மாற்ற முடிந்தது என்று கல்வெட்டுகளைக் கொண்டு காட்டினார் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா. பரம்பரையாக வேரூன்றிவிட்ட ஐரோப்பியப் பிரபுவை அவன் கோட்டையிலிருந்து அப்படிக் கிளப்புவது லேசில்லை. பாடநூலில் 'மானியம்' போட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். அமரம் போட்டிருந்தாலும் இன்னொரு விதமாகத் தவறியிருப்பார்.

'கிழக்கின் ட்ராய்' என்று ஆங்கிலேயர் செஞ்சிக் கோட்டைக்குச் சூட்டிய பெயரை விட்டுவிடலாம். முகலாயர் முற்றுகை எட்டு ஆண்டு நீண்டது என்பதைத் தவிர ஒப்புமை பெரிதாக ஒன்றுமில்லை.

எனக்கு முக்கியமான சொல் இறையாண்மை. 1576-இல் பிரான்சின் ழான் போதன் அதற்கு இலக்கணம் வகுத்தார்: ஆளும் அதிகாரம் முழுமையானது, பங்கு போட முடியாதது. அதன் பிறகு சுமார் நூறாண்டு கழித்துச் செஞ்சிக்கு வாருங்கள். 1689-இல் மராட்டிய அரசர் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் பின்தொடர்ந்து வந்து முற்றுகையிட்டார். கையில் பணம் இல்லாத அரசர், வாசலில் பேரரசின் படை. அந்த நெருக்கடிக் காலத்தில்தான், 1690-இல், தேவனாம்பட்டினத்துச் சிறு கோட்டையை ஆங்கிலக் கும்பினி செஞ்சி தர்பாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னைக் கவர்னர் எலிஹு யேல். கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயரிட்டார்கள்.

விற்பனையில் ஒரு நிபந்தனை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுமோ, அதுவரை உள்ள நிலமும் வாங்கியவருக்கே. கயிறு இல்லை, அளவுகோல் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. சென்னையிலிருந்து போன கடிதம் ஒரு நுணுக்கத்தையும் நினைவூட்டியது: எவ்வளவு தூரம் சுடுவது என்பது பீரங்கிக்காரனின் கைத்திறமை. மருந்தைக் கொஞ்சம் தாராளமாகக் கெட்டித்து, குழாயை நிமிர்த்திப் பிடித்தால் இன்னும் இரண்டு ஊர் சேரும், அவ்வளவுதானே! திசைக்கொரு குண்டு பறந்தது. கடலூரும் உள்ளே வந்தது. அப்படிச் சேர்ந்தவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் விழுந்தது. அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. வெடிச்சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்திருப்பார்கள். வயலில் கிடந்த இரும்பு உருண்டைதான் புதிய ஆட்சி என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இதைக் கும்பினியின் குறும்பு என்று சிரித்து விட்டுவிடக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு சட்ட அறிஞர் பின்கர்ஷூக், கரையிலுள்ள ஆயுதத்தின் வலு எட்டும் வரையே ஓர் அரசுக்குக் கடல் சொந்தம் என்று எழுதினார். 1782-இல் இத்தாலியர் கலியானி அந்தத் தூரத்தை மூன்று கடல் மைலாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஐரோப்பாவில் கடலுக்கு எழுதப்பட்ட விதி, நம் சோழமண்டலக் கரையில் அதற்கு முன்பே நிலத்தின்மேல் சுடப்பட்டுவிட்டது.

இன்று இந்தியாவின் ஆட்சிக்கடல், 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 12 கடல் மைல். தேவனாம்பட்டினத்துக்காரர்கள் விடியுமுன் படகைத் தள்ளுகிற கரையிலிருந்தும் அதே கணக்குத்தான். பீரங்கியை நிறுத்திய கோட்டையின் இடிபாடு பக்கத்திலேயே, கெடிலத்தின் முகத்துவாரத்துக்கு அருகில் கிடக்கிறது.