சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை



இன்றைய பேச்சு காதைப் பற்றியது. 'காது மிஷின்' என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தக் காது கேட்கும் கருவியைப் பற்றியது. முதலில் ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். இப்படிப்பட்ட குடும்பம் உங்கள் தெருவிலும் இருக்கலாம்.

தலையாட்டும் பெரியவர்

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பூமிக்கு அடியில் தங்கம் தோண்டினார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்தன. 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது.

அந்த ஊரில் ஒரு பெரியவர். இருபது வருடம் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் மிஷின் பிடித்தவர். குறுகலான சுரங்கம். சத்தம் வெளியே போக வழி கிடையாது. வேலை முடிந்து மேலே வந்தால் காதில் 'ஙொய்' என்று இரையும். காலையில் சரியாகிவிடும். அதனால் அவர் கவலைப்படவில்லை.

இப்போது அவருக்கு வயது 65. மகன் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். வீட்டில் மருமகளும் பேத்தியும் இருக்கிறார்கள்.

"மாமா, சாப்பிட வாங்க" என்று மருமகள் கூப்பிட்டால் அவருக்குச் சத்தம் கேட்கும். என்ன சொன்னாள் என்பது புரியாது. திரும்பக் கேட்கக் கூச்சம். சும்மா தலையாட்டுவார். பேத்தி பேசுவது சுத்தமாகப் புரியாது. நாளடைவில் பேத்தி அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். அவரும் திண்ணையோடு இருந்துவிட்டார்.

ஒரு நாள் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்கப் போனார். "பெரியவரே, இனிமேல் காலையில் பாதி மாத்திரைதான்" என்று நர்ஸ் சொன்னார். பெரியவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து வழக்கம்போல் முழு மாத்திரை போட்டார். மூன்றாம் நாள் வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. வாசலில் விழுந்துவிட்டார். சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

அன்றுதான் வீட்டாருக்கு உறைத்தது. காது கேட்காதது சின்ன விஷயம் இல்லை.

அவசரமாக வாங்கிய மிஷின்

மகன் செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்தார். "டாக்டர் வேண்டாம், டெஸ்ட் வேண்டாம், போட்டவுடன் கேட்கும்" என்று இருந்தது. 1500 ரூபாய் கொடுத்து வாங்கினார்.

பெரியவர் மாட்டிக்கொண்டார். குக்கர் விசில் காதைப் பிளந்தது. பஸ் சத்தம் தலையில் அடித்தது. பேத்தி பேசியது மட்டும் அப்போதும் புரியவில்லை. நடுநடுவே மிஷின் 'கீ' என்று கத்தியது. நான்காம் நாள் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்றார்.

குற்றம் பெரியவர் மீது இல்லை. காதில் என்ன குறை என்று பார்க்காமல் மிஷின் வாங்கியதுதான் தவறு.

காது எப்படிக் கேட்கிறது?

காதுத் துளையின் உள்ளே மெல்லிய செவிப்பறை இருக்கிறது. அதன் பின்னால் மூன்று சின்ன எலும்புகள். அதற்கும் உள்ளே நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு. அதில் மிக நுண்ணிய முடிகளைக் கொண்ட செல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவைதான் சத்தத்தை நரம்புக்கு அனுப்புகின்றன.

வழியில் அடைப்பு இருந்தாலும் கேட்காது. குறும்பி, சீழ், செவிப்பறையில் ஓட்டை, இவை அந்த வகை. இவற்றில் பலவற்றை மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ சரி செய்யலாம்.

உள்ளே இருக்கும் அந்தச் செல்கள் கெட்டாலும் கேட்காது. வயதாலும், ஓயாத பெரும் சத்தத்தாலும், சில மருந்துகளாலும் அவை கெடும். கெட்டவை மீண்டும் முளைப்பதில்லை. இங்கேதான் கருவி உதவுகிறது.

பெரும் சத்தம் முதலில் கெடுப்பது கீச்சென்ற மெல்லிய ஒலிகளைக் கேட்கும் செல்களை. சொல்லைத் தெளிவாக்கும் எழுத்தொலிகள் பல அந்த வகைதான். பெண்கள், குழந்தைகளின் குரலும் மெல்லியதே. அதனால்தான் பெரியவருக்குச் சத்தம் கேட்டது, சொல் கேட்கவில்லை.

பரிசோதனைக்குப் பயம் வேண்டாம்

பிறகு பெரியவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். காதில் ஏதோ அடைத்தது போல் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவும் கூடப் போனார். அவரும் மிஷின் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தார்.

மருத்துவர் விளக்கு வைத்து அந்த அம்மாவின் காதைப் பார்த்தார். இரண்டு காதிலும் குறும்பி கல்லாக அடைத்திருந்தது. சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து எடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு நன்றாகக் கேட்டது. மிஷின் தேவைப்படவில்லை.

பெரியவரின் காதில் அடைப்பு இல்லை. அவரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டினார்கள். கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். "சத்தம் எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அமுக்குங்கள்" என்றார்கள். பிறகு காதின் பின்புற எலும்பில் ஒரு சிறு கருவியை வைத்து அதேபோல் பார்த்தார்கள். குறை வழியிலா, உள்ளேயா என்று இதில் தெரியும். கடைசியாகச் சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். ஊசி இல்லை. வலி இல்லை.

சீட்டைப் படிப்பது எப்படி?

பரிசோதனை முடிந்தால் கோடு போட்ட ஒரு சீட்டு தருவார்கள். அதன் பெயர் ஆடியோகிராம். எழுதப் படிக்கக் கற்ற நீங்கள் இதையும் படிக்கலாம்.

வட்டம் போட்டிருந்தால் வலது காது. பெருக்கல் குறி போட்டிருந்தால் இடது காது. சீட்டின் இடது பக்கம் கனத்த ஒலி, மேளம் போல. வலது பக்கம் மெல்லிய ஒலி, குருவி கத்துவது போல. மேலிருந்து கீழாக இருப்பது சத்தத்தின் அளவு. அதை டெசிபல் என்பார்கள். குறி கீழே இறங்க இறங்கக் குறை அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அளவு இது. நன்றாகக் கேட்கும் காதின் சராசரி 20 டெசிபலுக்குக் குறைவாக இருந்தால் குறை இல்லை. 20 முதல் 35 வரை லேசான குறை. 35 முதல் 50 வரை நடுத்தரக் குறை. அதற்கு மேல் போகப் போகக் கடுமை கூடும்.

டெசிபல் என்பது சதவீதம் அல்ல. 50 டெசிபல் என்றால் பாதிக் காது போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

பெரியவரின் சீட்டில் கனத்த ஒலிக்கு 30. மெல்லிய ஒலிக்கு 70. சராசரி 49. அதாவது நடுத்தரக் குறை. மேளம் கேட்கும், குருவி கேட்காது. முதலில் வாங்கிய மிஷின் மேளத்தையும் சேர்த்துப் பெரிதாக்கியது. அவருக்கு வேண்டியது குருவிச் சத்தத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும் கருவி. டிஜிட்டல் கருவியை அப்படித் திருத்தி அமைக்க முடியும்.

கடையில் நேராக வாங்கலாமா?

அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல் மருத்துவச் சீட்டு இல்லாமல் ஒரு வகைக் கருவியை விற்கிறார்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். லேசான, நடுத்தரக் குறைக்கு மட்டும். அதன் உச்ச சத்தத்துக்கு அந்த நாட்டு விதி எல்லை வைத்திருக்கிறது. இங்கே கடையிலும் செல்போன் வழியாகவும் விற்கும் மிஷின் எல்லாம் அந்த வகை என்று நினைக்க வேண்டாம். பல மிஷின்கள் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டிக் கொடுப்பவை.

கீழ்க்கண்டவர்கள் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

குழந்தைகள்.
காதில் சீழ், ரத்தம், வலி உள்ளவர்கள்.
தலைசுற்றல் உள்ளவர்கள்.
ஒரு காதில் மட்டும் குறையோ இரைச்சலோ உள்ளவர்கள்.

திடீரென்று ஒரே நாளில் காது அடைத்துவிட்டதா? அன்றே ஓடுங்கள். தாமதித்தால் திரும்பாமல் போகலாம்.

கருவி வாங்கும்போது இவற்றைக் கேளுங்கள்.

என் சீட்டைப் பார்த்து இதைத் திருத்தி அமைத்துத் தருவீர்களா?
சில நாள் போட்டுப் பார்க்கலாமா? ஒத்துவராவிட்டால் திருப்பி எடுப்பீர்களா?
எத்தனை வருட உத்தரவாதம்? ரிப்பேர் எங்கே செய்வது?
பேட்டரி எத்தனை நாள் வரும்? விலை என்ன?

ரசீது வாங்காமல் வர வேண்டாம். கருவியைப் பொருத்துபவர் ஆடியாலஜிஸ்ட் ஆக இருப்பது நல்லது. அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விலை கூடியதுதான் நல்லது என்று இல்லை. கை நடுங்குபவருக்குக் காதுக்குள் போடும் குட்டிக் கருவி சிரமம். காதின் பின்னால் மாட்டுவது எளிது.

பணம் இல்லாவிட்டால்?

மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். காது கேளாமையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2007 முதல் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி வழங்க 'அடிப்' என்ற மத்திய அரசுத் திட்டம் உண்டு. அதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழும் வருமானச் சான்றும் வேண்டும். 60 வயது தாண்டிய ஏழை முதியோருக்கு 2017-இல் தொடங்கிய 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ' திட்டம் உண்டு. மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது.

போட்டுப் பழக வேண்டும்

புதுச் செருப்பு முதல் நாள் கடிக்கும். கருவியும் அப்படித்தான். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போடுங்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். சில வாரங்களில் பழகிவிடும். 'கீ' என்று கத்தினால் காதில் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது குறும்பி அடைத்திருக்கிறது. தண்ணீர் படக் கூடாது. பேட்டரியைக் குழந்தைகள் எடுக்காமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

காதில் கொண்டை ஊசி, தீக்குச்சி விட வேண்டாம். காய்ச்சிய எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கத்த வேண்டாம். எதிரே வந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்.

கதையின் மீதி

பெரியவர் இப்போது கருவி போடுகிறார். இளமைக் காது திரும்பவில்லை. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் இப்போதும் சில சொல் தவறும். ஆனால் ஒரு பழக்கம் போய்விட்டது. அவர் சும்மா தலையாட்டுவதில்லை.

மருந்து வாங்கும் இடத்தில் நர்ஸைப் பார்த்துக் கேட்கிறார்: "அம்மா, சரியா கேட்கலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

மாலையில் திண்ணையில் பேத்தி பாடப் புத்தகத்தை உரக்கப் படிக்கிறாள். பெரியவர் நடுவில் நிறுத்துகிறார். "அந்தச் சொல்லைத் தப்பாப் படிச்சே கண்ணு" என்கிறார்.

உங்கள் வீட்டிலும் தலையாட்டும் பெரியவர் யாராவது இருக்கிறாரா? இந்த வாரமே அழைத்துப் போய்க் காட்டுங்கள். மிஷின் பிறகு. பரிசோதனை முதலில்.