கண்ணாடிப் பறவை



பிள்ளைகள் மண்ணில் கண்ணாடிமணி ஒன்றைப் பொறுக்கி வந்தால், "குப்பையைக் கீழே போடு" என்கிறோம். அந்தச் சிறு மணிக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று அதைப் பார்ப்போம்.

ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் உரோமப் பேரரசில் கண்ணாடித் தொழில் செழித்திருந்தது. மீன் வடிவில் ஊதிச் செய்த குப்பிகள் ஆப்கானிஸ்தானத்தில் பெக்ராம் என்ற இடத்தில் 1930களில் கிடைத்தன. வேறொரு முறையும் உண்டு. பல நிறக் கண்ணாடிக் குச்சிகளைப் பூவாகவோ பறவையாகவோ முகமாகவோ அமையும்படி சேர்த்து, சூடேற்றி ஒட்டவைத்து, நீளமாக இழுப்பார்கள். பிறகு குறுக்கே நறுக்குவார்கள். குவே லாப்பிசை எங்கே வெட்டினாலும் அதே அடுக்குகள் தெரிகின்றன அல்லவா? அதுபோல ஒவ்வொரு துண்டிலும் அதே உருவம் தெரியும்.

இக்கலை மேற்கோடு நின்றுவிடவில்லை. கொரியாவில் கியோங்ஜு நகரத்துப் பழங்கல்லறை ஒன்றில், மனித முகங்களும் வெள்ளைப் பறவைகளும் கொண்ட கண்ணாடிமணி கிடைத்தது. அது ஜாவாவில் செய்யப்பட்டது என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

நம் முன்னோர் பங்கு என்ன? புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். உரோமக் கண்ணாடிக் கிண்ணத் துண்டுகள் அங்கே கிடைத்தன. அவ்வூர்த் தொழிலாளர் கண்ணாடியை உருக்கி, மெல்லிய குழலாக இழுத்து, துண்டுகளாக்கி, மீண்டும் சூடாக்கி முனை மழுக்கி மணி செய்தார்கள். அவ்வகை மணிகள் கடல் கடந்தன. பேராக்கில் கோலா செலின்சிங்கிலும், கடாரத்தில் சுங்கை மாசிலும் கிடைத்துள்ளன. அங்கேயே மணி செய்த தடயங்களும் உண்டு. நம் சிலாங்கூரில் பந்திங் அருகே கம்போங் சுங்கை லாங்கில் 1964இல் இரண்டு வெண்கல முரசுகள் வெளிப்பட்டபோது, அவற்றோடும் கண்ணாடிமணிகள் இருந்தன.

இவை மண்ணிலிருந்து வெளிவருவது மண்வெட்டி பிடிப்பவர் கையில்தான். கவனம் தவறினால் எல்லாம் பாழ். பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில் ஒன்றின் அடித்தளம் 2013இல் இயந்திரத்தால் இடிக்கப்பட்டது. போனது போனதுதான், திரும்பாது.

ஆகவே, கால்வாய் வெட்டும்போதோ, செம்பனைக் கன்று நடும்போதோ பழம்பொருள் தென்பட்டால் கழுவ வேண்டாம், விற்க வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட அதிகாரியிடம் தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் அப்படியே சொல்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளைத் தேசிய அரும்பொருளகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பிரிக்ஃபீல்ட்சிலிருந்து நடந்தே போகலாம்.

மணி செய்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர்களின் கைவேலை நிற்கிறது. அதைக் காப்பது நம் கடமை.