மலிவான கமராவும் மன்னார் வெயிலும்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற பேச்சு)



இலக்கிய நிகழ்ச்சியில் கமராவுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் பழம்பொருட் கடை ஒன்றில் சோவியத் காலத்துக் கமரா ஒன்றை வாங்கினேன். பெயர் சோர்க்கி-4. 'கூரிய பார்வையுடையது' என்பது அந்த ரஷ்யச் சொல்லின் பொருள். நல்ல சப்பாத்துச் சோடி ஒன்றின் விலைதான் கொடுத்தேன். இளமையில் முன்னேற்றப் பதிப்பகத்துத் தமிழ் நூல்களை மலிவு விலையில் வாங்கி வாசித்த தலைமுறை எங்களுடையது. அந்தப் பழக்கமும் கையை அதன்பால் இழுத்திருக்கலாம்.

இந்தக் கமராக்களின் கதை ஒரு நாவலுக்குப் போதும். 1932 இல் ஜெர்மனியில் வெளிவந்த இரண்டாம் லைக்காவைப் பார்த்து, உக்ரேனின் கார்கிவ் நகரில் 1934 முதல் 'பெட்' என்ற கமராவைச் செய்தார்கள். செய்தவர்கள், தெருவில் திரிந்த அநாதைப் பிள்ளைகளுக்காக 1927 இல் தொடங்கப்பட்ட தொழிற் கம்யூனைச் சேர்ந்தவர்கள். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அறிந்த அன்ரன் மக்காரெங்கோ 1935 வரை அதை நடத்தினார். 'பெட்' என்பதோ, சோவியத் இரகசியப் பொலிஸின் முதல் தலைவரான பெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயர் முதலெழுத்துக்கள். அநாதைப் பிள்ளைகளின் கைவேலைக்கு இரகசியப் பொலிஸ் தலைவரின் பெயர்! வரலாறு சில வேளைகளில் கதாசிரியனையும் மிஞ்சிவிடுகிறது.

போருக்குப் பின், ஜெர்மனியின் கொன்டாக்ஸ் கமராவின் வழியில் 1947 முதல் 'கீவ்' கமரா வந்தது. 1948 இல் மொஸ்கோவுக்கு அருகேயுள்ள கிராஸ்னகோர்ஸ்க்கில் சோர்க்கி பிறந்தது. என்னிடமுள்ள சோர்க்கி-4 இனை 1956 முதல் 1973 வரை 17 இலட்சத்துக்கும் மேலாகச் செய்தார்கள். தொகை அதிகம், ஆகவே விலை குறைவு. ஆனால் அதில் பூட்டியிருக்கும் யுப்பிட்டர்-8 வில்லை, பெர்ட்டலே என்ற ஜெர்மன் அறிஞர் வகுத்த சொனார் வில்லையின் வாரிசு. முதியவர் முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் அது மென்மையாக வாங்கிக்கொள்ளும்.

இக்கமரா தூரத்தை அளக்கும் விதம் அழகானது. பார்க்கும் துவாரத்தின் நடுவில் ஒரு சிறு ஒளிவட்டம். அதற்குள் பொருள் இரண்டாகத் தெரியும். வில்லையைத் திருகத் திருக, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி ஒன்றாகிவிடும். அப்போது தூரம் சரி. தமிழ் படிப்பிப்பவனுக்கு இதைப் பார்த்ததும் உவமை அணிதான் நினைவுக்கு வந்தது. உவமானமும் உவமேயமும் பொருந்தும் அந்தக் கணத்தில்தான் பொருள் தெளிவாகிறது.

ஒளியை அளக்கும் கருவி இதில் இல்லை. கண்தான் கருவி. 100 வேகப் படச்சுருளானால், நல்ல வெயிலில் வில்லையின் துளையை 16 இல் வைத்து, ஒரு வினாடியின் 125 இல் ஒரு பங்கு நேரம் கொடுக்கவேண்டும். தலைமன்னார் மணல் கண்ணைக் கூசவைக்கும்போது துளையை 22 ஆகக் குறைக்கவேண்டும். வெயிலுக்கு நேரே கமராவைத் திறந்து வைத்தால், உள்ளேயுள்ள துணித்திரையில் சூரியன் ஓட்டை போட்டுவிடும். படச்சுருளை முன்னே திருகிய பிறகே வேகத்தை மாற்றவேண்டும். அவசரப்பட்டால் பொறி கெடும். படத்தைக் கழுவும் மருந்து 20 பாகை சூட்டில் இருக்கவேண்டும். எங்கள் குழாய்த் தண்ணீரோ எந்நாளும் வெதுவெதுப்பு. ஆகவே இரவில், குசினியில், பக்கத்தில் ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். கமரா மலிவு, படச்சுருள் மலிவல்ல. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன் யோசிக்கவேண்டியிருக்கிறது.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும், 1560 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையையும், தெருவில் நிற்கும் கழுதைகளையும் எடுத்துப் பழகினேன். ஒருநாள் பேசாலைக் கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். 1990 இல் படகேறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் இருந்து திரும்பியவர்.

"எங்கட கலியாணப் படம், அம்மா அப்பாவின்ர படம், எல்லாம் அப்பவே போட்டுது சேர். என்னை ஒண்டு எடுத்துத் தாங்கோ. பேரப்பிள்ளையளுக்கு இருக்கட்டும்" என்றார்.

எட்டுப் படங்கள் எடுத்தேன். அன்றிரவு கழுவிப் பார்த்தால் எட்டும் வெறுமை. வில்லையின் மூடியை நான் கழற்றவே இல்லை! இவ்வகைக் கமராவில் நாம் பார்ப்பது வில்லையூடாக அல்ல, வேறொரு துவாரத்தினூடாக. மூடி கிடந்தாலும் உலகம் தெளிவாகவே தெரியும்.

படங்களை ஒருமுறை இழந்தவருக்கு இரண்டாம் முறையும் இழப்பா? கார்கிவ் நகரின் நினைவு வந்தது. 2022 பெப்ரவரிக்குப் பின் அங்கே குண்டுகள் விழுந்தன. கமரா செய்த ஊரிலேயே எத்தனை வீட்டுப் படங்கள் எரிந்தனவோ!

அடுத்த வாரம் வெட்கத்தோடு போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"முந்தின படங்களைச் சண்டை கொண்டுபோச்சு. இதை நீங்கள் கொண்டுபோட்டியள். நான் இருக்கிறன்தானே? எடுங்கோ."

மூடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எடுத்தேன். படத்தைக் கொழும்பில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"என்ர அம்மாதான் இது, சேர்."

தாயின் படம் அவரிடம் ஒன்றுகூட இல்லை. தன் முகத்தில் தாயின் முகத்தைக் கண்டுவிட்டார். இரண்டு உருவங்கள் ஒன்றாவதை நான் கமராவின் சிறு வட்டத்துக்குள் மட்டுமே பார்த்திருந்தேன், நேயர்களே. அன்று வெளியிலும் பார்த்தேன்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பழைய கமரா கிடக்கலாம். தூசி தட்டி எடுங்கள். வீட்டு முதியவர் ஒருவரை முற்றத்தில் இருத்துங்கள். மூடியை மட்டும் மறவாமல் கழற்றிவிடுங்கள்.