குத்தியவருக்குக் கிடைத்த பரிவு

2024 நவம்பர் 13. சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. புற்றுநோய்ப் பிரிவு டாக்டர் ஒருவரை, அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன் கத்தியால் குத்திவிட்டார். நல்லவேளை, டாக்டர் பிழைத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஜனங்கள் பேசிய பேச்சுதான் என்னை உலுக்கியது. "பாவம், பெத்த அம்மாவுக்காகச் செஞ்சுட்டான்!" குத்துப்பட்டவரைவிடக் குத்தியவர்மேல் பரிவு!

ஏன் இப்படி? "நீங்கதாங்க எங்களுக்குத் தெய்வம்" என்று டாக்டரைக் கும்பிடுகிறோம். தெய்வம் என்று சொல்லிவிட்டால், தோற்கும் உரிமை அவருக்குக் கிடையாதே!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விடியற்காலை பஸ் பிடித்து வந்து, ஓ.பி. சீட்டு வாங்கி, ஸ்கேனுக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. டாக்டர் எதிரே உட்காரக் கிடைப்பதோ சில நிமிஷம். கீமோ ஏற்றினால் முடி கொட்டும், வாந்தி வரும், ஆளே பாதியாகிவிடலாம். இதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லாவிட்டால், எது நோயின் வேலை, எது மருந்தின் வேலை என்று வீட்டாருக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் யாராவது "அங்கே கெடுத்துட்டாங்க" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

மருத்துவமனை வன்முறைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008லேயே சட்டம் வந்தாயிற்று. ஆத்திரக்காரன் சட்டம் படித்துவிட்டா வருகிறான்? 2019இல் வந்த புது எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், நோயாளியிடம் பேசும் முறைக்கும் பயிற்சி சேர்த்திருக்கிறார்கள். அதைப் படித்தவர்கள் இப்போதுதான் ஓ.பி.க்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள்.